கர்ப்பப்பையில் கத்தி வைக்கும் முன்

அவுஸ்திரேலியாவில் ஒரு பெண்ணின் கர்ப்பப்பை அகற்றப்படுமா, காக்கப்படுமா என்பதை அவளுடைய நோய் மட்டும் தீர்மானிப்பதில்லை. சிகிச்சைகள் ஊருக்கு ஊர் எப்படி வேறுபடுகின்றன என்று காட்டும் தேசியத் தொகுப்பு ஒன்று 2017இல் இரண்டாம் முறையாக வெளிவந்தது. 2014–15ஆம் ஆண்டின் வைத்தியசாலைப் பதிவுகளை அது பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தது. கர்ப்பப்பை அகற்றும் சத்திரசிகிச்சை மிக அதிகமாக நடந்த பகுதியின் விகிதம், மிகக் குறைவாக நடந்த பகுதியைவிட 6.6 மடங்கு. கர்ப்பப்பையின் உட்படலத்தைச் சுட்டு அழிக்கும் சிகிச்சையில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 20 மடங்கு. பெண்களின் உடல் ஊருக்கு ஊர் இப்படி மாறாது. எந்தச் சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அங்குள்ள மருத்துவருக்கு எதில் கை பழகியிருக்கிறது, அந்தப் பெண்ணிடம் எது சொல்லப்பட்டது, எது சொல்லப்படாமல் விடப்பட்டது என்பவைதான் மாறுகின்றன.

மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் வாழும் தமிழ்ப் பெண்களுக்கு இந்தக் கடைசி விஷயம் மிகவும் முக்கியம். வைத்தியசாலைக்கு இங்கே குறைவில்லை. ரயிலில் ஒரு பக்கம் இரண்டாவது நிலையம் டண்டினோங், அங்கே ஒரு பொது வைத்தியசாலை. மறுபக்கம் நான்காவது நிலையம் கிளேட்டன், அங்கே மொனாஷ் மெடிக்கல் சென்டர். குறைவது பேச்சு. மாதவிடாய் பற்றி நாங்கள் வளர்ந்த வீடுகளில் வாய்திறந்து பேசியதில்லை. அதனால் இரண்டு போக்குகள் எங்களிடம் வேரூன்றிவிட்டன. ஒன்று, வருடக்கணக்காக இரத்தம் கொட்டினாலும் “எல்லாருக்கும் இருக்கிறதுதானே” என்று இரும்புச்சத்து மாத்திரையோடு காலம் தள்ளுவது. மற்றது, பொறுக்க முடியாத ஒரு நாளில் “பிள்ளையள் பெத்தாச்சு, இனி அது எதுக்கு, எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது” என்று முடிவெடுப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. பலருக்கு அவை காட்டப்படுவதில்லை.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சின்னத் துளை, சின்னத் தழும்பு, அடுத்த நாளே வீடு என்பது தனியார் மருத்துவ விளம்பரங்களின் முதல் வரியாகிவிட்டது. துளை சிறிதாக இருப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. சத்திரசிகிச்சை வேண்டுமா, எதற்காக வேண்டும், வேறென்ன இருக்கிறது, எந்த உறுப்பு உள்ளே மிஞ்சும் என்பவை முதலில் வரவேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளின் மருத்துவ வரலாறு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

பெண்களுக்கான மருத்துவத்தின் வரலாறு எங்களுக்கு அந்நியமானதுமல்ல. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டப் பெண்கள் கூசிய காலத்தில், மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து 1878இல் தேறினார். 1885இல் பெண்களுக்கென்றே மதராஸில் ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி வைத்தியசாலையாக இயங்குவது அதுதான். 1898இல் யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண்களுக்காக மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. அதே காலத்தில், 1896இல், மெல்பேர்ணின் லாட்ரோப் வீதியில் ஒரு தேவாலய மண்டபத்தில் டொக்டர் கொன்ஸ்டன்ஸ் ஸ்டோனும் அவருடைய தோழியரும் ஏழைப் பெண்களுக்கு ஒரு இலவசச் சிகிச்சை நிலையத்தைத் திறந்தார்கள். விக்டோரியாவின் பெண்களிடம் ஆளுக்கு ஒரு சிலிங் கேட்டுத் திரட்டிய பணத்தில் 1899இல் அது குயீன் விக்டோரியா வைத்தியசாலையாக வளர்ந்தது. பெண்களுக்காகப் பெண்களே நடத்திய அந்த வைத்தியசாலை 1987இல் கிளேட்டனுக்கு இடம்பெயர்ந்து மொனாஷ் மெடிக்கல் சென்டரின் பகுதியாயிற்று. நோபல் பார்க்கிலிருந்து ஒரு பெண் இன்று கிளேட்டனுக்குச் சோதனைக்குப் போகும்போது, அந்த ஒரு சிலிங்குகளின் வாரிசாகவே போகிறாள்.

துளைவழிச் சத்திரசிகிச்சையைப் பொது மருத்துவத்துக்குக் கொடுத்ததே பெண்நோய் மருத்துவத்துறைதான். ஜெர்மனியின் கீல் நகரில் கேர்ட் செம் என்ற பெண்நோய் மருத்துவர் 1980இல் வயிற்றைக் கிழிக்காமல் லப்பரஸ்கோப் என்ற கமராக் குழாய் வழியாகக் குடல்வாலை அகற்றியபோது, சக மருத்துவர்கள் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். 1988இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாரி ரைக் அதே முறையில் முதன்முதலாகக் கர்ப்பப்பையை அகற்றினார். இன்று அது உலகெங்கும் அன்றாட வேலை.

கர்ப்பப்பைக்காகப் பெண்கள் சத்திரசிகிச்சை மேசைக்குப் போவதற்குப் பொதுவான காரணங்களில் ஒன்று அதிக இரத்தப்போக்கு. அவுஸ்திரேலியாவில் மாதவிடாய் வயதிலுள்ள பெண்களில் நால்வரில் ஒருவருக்கு இது உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அணையாடை மாற்றுவது, இரவில் எழுந்து மாற்றுவது, பெரிய கட்டிகளாக இரத்தம் வெளியேறுவது, எட்டு நாளுக்கு மேல் நீடிப்பது, இரத்தப்போக்கால் வேலைக்கோ கோயிலுக்கோ திருமணத்துக்கோ போகாமல் ஒதுங்குவது ஆகிய எல்லாம் அதன் அடையாளங்கள். அளவை யாரும் அளந்து பார்க்கத் தேவையில்லை. அவளுடைய வாழ்க்கையை அது குலைக்கிறதென்றால் அது நோய், சிகிச்சைக்கு உரியது.

இதற்காக 2017இல் அவுஸ்திரேலிய சுகாதாரப் பாதுகாப்பு ஆணையம் ஒரு சிகிச்சைத் தரநிலையை வெளியிட்டது. 2024 ஜூனில் அதைப் புதுப்பித்தது. ஜிபியும் (குடும்ப மருத்துவர்) நிபுணரும் எந்த ஒழுங்கில் நடக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணம் அது. முதலில் விசாரிப்பு, இரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்தின் அளவு. காரணம் தேட ஸ்கான் வேண்டுமென்றால், மாதவிடாய் தொடங்கிய 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் எடுப்பது சிறந்தது, ஏனெனில் அப்போது உட்படலம் மெல்லியதாக இருப்பதால் சதை வளர்ச்சிகள் தெளிவாகத் தெரியும். ஸ்கான் நாளைக் குறிக்கும்போது இந்த ஒரு விவரத்தைச் சொல்லிக் கேட்கும் பெண்கள் மிகக் குறைவு. முடிவு வரும்வரை காத்திருக்காமல் இரத்தத்தைக் குறைக்கும் மருந்தை அன்றே தொடங்கலாம் என்றும் அந்தத் தரநிலை சொல்கிறது.

அந்த மருந்துகளில் ஒன்றான டிரனெக்சாமிக் அமிலத்தை எங்கள் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும். பிரசவத்தில் இரத்தம் கொட்டி இறக்கும் தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்போடு ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவர் தன் கணவர் ஷொசுகேயோடு சேர்ந்து கண்டுபிடித்து 1962இல் அறிவித்தது அது. ஹோர்மோன் இல்லை. மாதவிடாய் நாட்களில் மட்டும் விழுங்கினால் போதும்.

அதைவிட வலுவானது, கர்ப்பப்பைக்குள் வைக்கப்படும் மிரேனா. பின்லாந்தில் உருவாகி 1990இல் வெளிவந்த இது, புரொஜெஸ்டின் ஹோர்மோனைச் சிறிது சிறிதாக உட்படலத்திலேயே கசியவிடுகிறது. சில மாதங்களில் இரத்தப்போக்கு பத்தில் ஒன்பது பங்குவரை குறையலாம். அரச மருந்துச் சலுகைத் திட்டத்தில் கிடைக்கிறது, ஜிபியின் அறையிலேயே வைக்கலாம். இருந்தும் “லூப்” என்றாலே எங்கள் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். ஊரில் முந்தைய தலைமுறை வைத்துக்கொண்டது செம்புக் கருவி. அது இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியது. இது குறைப்பது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பயமும் ஒன்றாகத் தொற்றிக்கொண்டது. தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் படுவது வழக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாதியில் எடுத்துவிடச் சொல்கிறவர்களின் எண்ணிக்கை குறையும் என்பது என் திடமான நம்பிக்கை.

மருந்து பலிக்காதபோது, அல்லது காரணம் கண்ணுக்குத் தெரியும் ஒன்றாக இருக்கும்போது சத்திரசிகிச்சை வருகிறது. அதிலும் எல்லாமே கர்ப்பப்பையை எடுப்பதில்லை. உள்ளே வளர்ந்த சதைமொட்டு என்றால், பிறப்புவழியாக மெல்லிய கமராக் குழாயை விட்டு (ஹிஸ்டரோஸ்கோப்பி) அதை நறுக்கி எடுத்துவிடலாம். வெளியே ஒரு தையல்கூட இல்லை, அன்றே வீடு. ஊரில் “கர்ப்பப்பையைச் சுரண்டுவது” என்று சொல்லும் டி அண்ட் சி, அதிக இரத்தப்போக்குக்கான சிகிச்சையாக இனிப் பயன்படுத்தத் தக்கதல்ல. கண்ணால் பார்க்காமல் சுரண்டுவதால் மொட்டு தப்பிவிடும், இரத்தப்போக்கும் ஓரிரு மாதங்களில் திரும்பிவிடும்.

உட்படலத்தையே சுட்டு அழிக்கும் முறையும் சில நிமிட வேலை. ஆனால் அதன் பிறகு கருத்தரிப்பது ஆபத்து. ஆகவே பிள்ளை வேண்டும் என்று எண்ணும் பெண்ணுக்கு இது பொருந்தாது, மற்றவர்களுக்கும் கருத்தடை தொடர்ந்து வேண்டும். இதை ஆறுதலாக விளக்காமல் கையெழுத்து வாங்குவது பெரும் தவறு.

தசைக்கட்டி, அதாவது பைப்ரொயிட், தனிக் கதை. பெரும்பாலான தசைக்கட்டிகள் எந்தத் தொல்லையும் தராமல் இருந்து, மாதவிடாய் நின்றபின் சுருங்கிவிடும். ஸ்கானில் தெரிந்தது என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. தொல்லை தருமானால் கட்டி இருக்கும் இடம் வழியைச் சொல்லும். உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் ஹிஸ்டரோஸ்கோப் வழியாக எடுக்கலாம். சுவரில் இருந்தால் வயிற்றுத் துளைவழியாகவோ, கிழித்தோ கட்டியை மட்டும் அகற்றிக் கர்ப்பப்பையைத் தைத்துவிடலாம். மூன்றாவது வழி, 1995இல் பாரிஸில் ராவினா குழுவினர் அறிவித்தது. கதிரியக்க மருத்துவர் தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு உணவூட்டும் தமனியை நுண்ணிய மணிகளால் அடைத்துவிடுகிறார். கட்டி பட்டினியில் சுருங்குகிறது. பிரித்தானியாவில் நடந்த பெம்மி ஆய்வு 2020இல் தமனி அடைப்பையும் கட்டியை அறுத்து எடுப்பதையும் ஒப்பிட்டது. இரண்டு ஆண்டுகளின் முடிவில் இருசாராருக்கும் வாழ்க்கை நன்றாகவே மேம்பட்டிருந்தது, ஆனால் கட்டியை அறுத்து எடுத்தவர்களுக்குக் கூடுதலாக. எனினும் மயக்கமருந்து ஆகாதவர்களுக்கும், சத்திரசிகிச்சை வேண்டாம் என்பவர்களுக்கும் தமனி அடைப்பு உண்மையான மாற்றுவழி. அதைச் செய்பவர் பெண்நோய் மருத்துவர் அல்லர் என்பதாலேயே பல ஆலோசனைகளில் அதன் பெயர் வாய்க்கு வருவதில்லை. நீங்களே பெயர் சொல்லிக் கேட்கலாம்.

இத்தனைக்கும் பிறகு, அல்லது இவை எதுவும் வேண்டாம் என்று அவளே தெளிந்து முடிவெடுத்தால், கர்ப்பப்பை அகற்றுவது நல்ல சிகிச்சை. இரத்தப்போக்கை உறுதியாக முடித்துவைப்பது அது ஒன்றே. அதைச் செய்துகொண்ட பெண்களில் பலர் “ஏன் இத்தனை வருடம் பொறுத்தேன்” என்பதும் உண்மை. நான் வாதிடுவது அதற்கு எதிராக அல்ல, அது முதற்படியாவதற்கு எதிராக.

எடுக்கும் வழிகள் மூன்று. பிறப்புவழி, வயிற்றில் துளைவழி (மனிதக் கையாலோ ரோபோ துணையாலோ), வயிற்றைக் கிழித்து. கிழித்தால் முழுதாகத் தேற ஆறு கிழமை ஆகும். மற்ற இரண்டிலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம், தேறுவதும் விரைவு. உலகெங்கும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் ஆய்வாளர்கள், முடிந்த இடமெல்லாம் பிறப்புவழியே சிறந்தது என்கிறார்கள். வயிற்றில் துளைகூட இல்லாத, விலைகுறைந்த, பழைய முறை அது. துளைவழி முறையில் குணமடைதல் விரைவு, ஆனால் சத்திரசிகிச்சை நேரம் கூடுதல், சிறுநீர்க்குழாயோ சிறுநீர்ப்பையோ காயப்படும் வாய்ப்பும் சற்றே கூடுதல். ரோபோவால் சாதாரண நோய்க்குக் கர்ப்பப்பை எடுப்பதில், கைதேர்ந்த மருத்துவர் சாதாரணத் துளைவழியில் எடுப்பதைவிடப் பெண்ணுக்குப் பெரிய நன்மை எதுவும் நிறுவப்படவில்லை. செலவு மட்டும் ஏறுகிறது.

சூலகங்களைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். “எடுப்பதுதான் எடுக்கிறோம், அதையும் சேர்த்தே எடுத்துவிடுவோம்” என்ற பேச்சுக்குச் சம்மதிக்கும் முன் யோசியுங்கள். மாதவிடாய் இயல்பாக நிற்கும் முன் இரு சூலகங்களையும் எடுத்தால் அடுத்த நாளே மெனோபோஸ். எலும்புத் தேய்வும் இதயநோயும் முந்திக்கொண்டு வரும். தென்னாசியர்களாகிய எங்களுக்கு இதயநோயும் நீரிழிவும் ஏற்கெனவே குடும்பச் சொத்து. புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் போன்ற வலுவான காரணம் இல்லாவிட்டால் சூலகங்களை விட்டுவிடுவதே முறை. மாறாக, பலோப்பியன் குழாய்களை எடுத்துவிடுவதில் நியாயம் உண்டு. சூலகப் புற்றுநோயின் மிகக் கொடிய வகை பெரும்பாலும் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது தெரிகிறது. கர்ப்பப்பைக் கழுத்தை விட்டுவைத்தார்களா என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து இருந்தால் புற்றுநோய்ச் சோதனை தொடர வேண்டும்.

சிறு துளை எப்போதும் சிறு தீங்குதானா? இதற்கு மிகத் தெளிவான விடையைத் தந்தவர்களில் ஒருவர் பிரிஸ்பேனைச் சேர்ந்த ஆந்திரியாஸ் ஓபர்மேர். அவர் நடத்திய லேஸ் ஆய்வு, கர்ப்பப்பை உட்படலப் புற்றுநோய் தொடக்க நிலையிலுள்ள 760 பெண்களை எடுத்துக்கொண்டது. நாலரை ஆண்டுகளின் பின் நோயின்றி இருந்தவர்கள் கிழித்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 81.3, துளைவழி எடுத்தவர்களில் 81.6. வித்தியாசமே இல்லை. 2017இல் வந்த இந்த முடிவு, அந்தப் புற்றுநோய்க்குத் துளைவழி பாதுகாப்பானது என்று காட்டியது. மறு ஆண்டு வந்தது, ஹூஸ்டனின் பெட்ரோ ராமிரேஸ் தலைமையில் ஓபர்மேரும் பங்கெடுத்த லாக் ஆய்வு. இது கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு. அதே நாலரை ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் கிழித்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 96.5, துளைவழி எடுத்தவர்களில் 86. இறந்தவர்களும் துளைவழிப் பக்கமே அதிகம். அதுவரை உலகின் பெரிய வைத்தியசாலைகள் எல்லாம் பெருமையோடு துளைவழியில் செய்துவந்த சத்திரசிகிச்சை அது. ஒரே உறுப்பு, ஒரே கருவி, அருகருகே இரண்டு புற்றுநோய்கள், முடிவு நேர்மாறு. ஒரு முறை நவீனமானது என்பதாலேயே நல்லதென்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கட்டியைத் துளைவழியாக வெளியே எடுக்க உள்ளேயே துண்டாக்கும் மோர்செலேட்டர் என்ற கருவியின் கதையும் இப்படியே. சாதாரணத் தசைக்கட்டி என்று எண்ணிச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளில் ஏறத்தாழ 350க்கு ஒன்றில் கட்டிக்குள் சார்கோமா என்ற புற்றுநோய் ஒளிந்திருக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் மதிப்பிட்டு எச்சரித்தது. துண்டாக்கும்போது அது வயிறு முழுவதும் சிதறும். இந்த எச்சரிக்கைக்காகப் போராடிய எமி ரீட் தானே ஒரு மருத்துவர். அந்தக் கருவியால் பாதிக்கப்பட்டவர், 2017இல் இறந்தார். இன்று கட்டியைப் பையொன்றுக்குள் வைத்தே துண்டாக்குகிறார்கள். உங்களுக்கு அப்படிச் செய்வார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

அவுஸ்திரேலியா தன் மண்ணிலேயே பட்ட அடி, பிறப்புவழி வலை. பிரசவங்களுக்குப் பிறகு தசைநார்கள் தளர்ந்து “ஏதோ கீழே தள்ளிக்கொண்டு வருகிறது” என்று பெண்கள் சொல்லும் கர்ப்பப்பை இறக்கத்துக்குப் பிளாஸ்டிக் வலையைப் பிறப்புவழியாக உள்ளே வைத்தார்கள். சுருக்கமான சத்திரசிகிச்சை, விரைவான வீடு திரும்பல் என்றுதான் அதுவும் விற்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அந்த வலை தசையை அரித்தது, நடக்கவும் உட்காரவும் தாம்பத்தியத்துக்கும் முடியாத வலியைத் தந்தது. முறையிட்டவர்களிடம் “எல்லாம் மனப்பிரமை” என்று சொல்லப்பட்டது. 2018 ஜனவரியில் இறக்கத்துக்கான பிறப்புவழி வலைகள் இங்கு சந்தையிலிருந்து நீக்கப்பட்டன, மார்ச்சில் செனட் விசாரணை அறிக்கை வந்தது, அக்டோபரில் சுகாதார அமைச்சர் கிரெக் ஹண்ட் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஜோன்சன் அண்ட் ஜோன்சன் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2019இல் பெடரல் நீதிமன்றம் பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தது. 2022இல் 300 மில்லியன் டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. இன்று இறக்கத்துக்கு முதலில் இடுப்புத்தளப் பயிற்சி தரும் பிசியோதெரபி, அடுத்து பெசரி என்ற சிலிக்கோன் வளையம், பிறகு பெண்ணின் சொந்தத் திசுவையே வைத்துத் தைக்கும் சத்திரசிகிச்சை. அறுபது எழுபது வயது அம்மாமார் பலர் இதை யாரிடமும் சொல்லாமல் கையால் உள்ளே தள்ளிக்கொண்டு காலம் கழிக்கிறார்கள். ஒரு வளையம் அவர்கள் வாழ்க்கையை மாற்றும்.

இந்தியாவில் துளைவழி சத்திரசிகிச்சையின் மிகக் கசப்பான நாள் 2014 நவம்பர் 8. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு லப்பரஸ்கோப் வழியாகக் குடும்பக் கட்டுப்பாடு செய்தார். 13 பெண்கள் இறந்தார்கள். தொற்றா, நஞ்சு கலந்த மாத்திரையா என்ற வாதம் நீண்டது. எதுவாயினும், ஏழைப் பெண்களை வரிசையில் படுக்கவைத்து எண்ணிக்கை காட்டிய முறைதான் அவர்களைக் கொன்றது. முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது.

கர்ப்பப்பை அகற்றுவதிலும் அங்கே அதே அநீதி. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்கு மேல் கர்ப்பப்பை இழந்தவர்கள், ஆந்திராவில் ஏறத்தாழ ஒன்பது பேர். பெரும்பாலும் முப்பதுகளில், பெரும்பாலும் தனியார் வைத்தியசாலைகளில். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை விசாரித்தபோது 13,861 பேர் கர்ப்பப்பை அகற்றியிருந்தார்கள். மாதவிடாய் நாளில் வேலை நின்றால் கூலி போகும், அபராதம் விழும், ஆகவே உறுப்பே போயிற்று. தேவையற்ற அகற்றல்களைத் தடுக்கும் விதிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

“விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்கேயே செய்துவிடுவோம்” என்று இங்கிருந்து கிளம்புகிறவர்கள் இந்தப் பின்னணியை மனதில் வைக்க வேண்டும். சென்னையிலும் கொழும்பிலும் உலகத் தரமான மருத்துவர்கள் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் இரண்டு கிழமை விடுமுறைக்குள் ஸ்கான், முடிவு, சத்திரசிகிச்சை, விமானம் என்று அடுக்கினால் மாற்றுவழிகளைப் பேச நேரமிருக்காது, பிறகு காய்ச்சல் வந்தால் பார்ப்பவர் வேறொருவர். செய்துகொண்டே ஆக வேண்டுமென்றால் சத்திரசிகிச்சைக் குறிப்பும் திசுப் பரிசோதனை அறிக்கையும் கையோடு வரவேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சூலகத்தில் நீர்க்கட்டி என்று ஸ்கானில் வந்தால், மாதவிடாய் வயதில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே மறையும், மறுபடி ஸ்கான் பார்த்தால் போதும். திடீரென்று ஒரு பக்கம் தாங்கமுடியாத வலியும் வாந்தியும் வந்தால் சூலகம் முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடனே அவசரப் பிரிவு. குழாயில் தங்கிய கருவும் அப்படியே, காலத்தோடு போனால் மருந்தாலோ துளைவழியாகவோ தீரும், தாமதித்தால் உயிர் போகும். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய், அவுஸ்திரேலியப் பெண்களில் ஏழில் ஒருவருக்கு. முன்பு லப்பரஸ்கோப் வைத்துப் பார்த்தால்தான் நோய் என்று ஒப்புக்கொள்வார்கள். மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2025இல் புதுப்பித்த வழிகாட்டல், அறிகுறியையும் ஸ்கானையும் வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது. இந்த நோய்க்கான டயனோஜெஸ்ட், ரெலுகொலிக்ஸ் கூட்டு மாத்திரை ஆகியவை முறையே 2024 டிசம்பரிலும் 2025 மேயிலும் சலுகை விலைக்கு வந்துவிட்டன. மாதாமாதம் வலியில் சுருண்டு பள்ளிக்குப் போகாத மகளிடம் “கல்யாணமானால் சரியாகும்” என்று சொல்லும் பழக்கம் இந்தத் தலைமுறையோடு ஒழியட்டும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதே கிழமை ஜிபியிடம் போகவேண்டும். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு, மருத்துவர் முன் காலை விரிக்கக் கூச்சம் என்றால், 2022 ஜூலையிலிருந்து மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம், ஐந்தாண்டுக்கு ஒரு முறை.

பொது வைத்தியசாலையில் மெடிகேர் உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சை இலவசம், காத்திருப்புத்தான் விலை. அவசரத்தைப் பொறுத்து 30 நாள், 90 நாள், 365 நாள் என்று மூன்று பிரிவு. காத்திருக்கையில் இரத்தப்போக்கு கூடினால், இரத்தச்சோகை ஏறினால், ஜிபியிடம் சொல்லிப் பிரிவை மாற்றக் கேட்கலாம். வெறுமனே காத்திருக்கவும் தேவையில்லை, மிரேனாவும் மருந்தும் இரும்புச்சத்து ஊசியும் அந்த மாதங்களைக் கடத்தும், சிலருக்குச் சத்திரசிகிச்சையே தேவையில்லாமல் போகும். தனியாரிடம் போனால் மருத்துவர், மயக்கமருந்து மருத்துவர், உதவியாளர், வைத்தியசாலை எல்லாருக்கும் உங்கள் கையிலிருந்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்களின் காப்புறுதி, ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வைக்கக்கூடும். மெடிகேர் இல்லாத அகதிக் கோரிக்கையாளர்களை விக்டோரியாவின் பொது வைத்தியசாலைகள் இலவசமாகப் பார்க்க வேண்டும் என்பது மாநிலக் கொள்கை. டண்டினோங்கில் மொனாஷ் ஹெல்த் நடத்தும் அகதிகள் நலச் சேவையும் இருக்கிறது. மெடிகேர் அட்டை இல்லை என்று எந்தப் பெண்ணும் இரத்தம் ஒழுக வீட்டில் இருக்க வேண்டாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், பிரசவ மருத்துவ நூலையும் சத்திரசிகிச்சை நூலையும் தமிழாக்கி அச்சிட்டார். கர்ப்பப்பையைப் பற்றித் தமிழில் பேச முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் இங்கே பல ஆலோசனை அறைகளில் நடப்பது, கணவரோ பதினான்கு வயது மகளோ மொழிபெயர்ப்பது. கணவர் முன் சொல்ல முடியாததைப் பெண் விழுங்கிவிடுகிறாள், மகளுக்குப் புரியாததை மகள் விட்டுவிடுகிறாள், கையெழுத்து மட்டும் தவறாமல் விழுகிறது. ஐயாமாரே, தம்பிமாரே, மனைவியை அழைத்துப் போங்கள், கூட இருங்கள், ஆனால் மொழிபெயர்க்காதீர்கள். நாள் குறிக்கும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது என்று சொல்லுங்கள். நோயாளிக்குச் செலவில்லை. ஜிபி “எங்களிடம் ஆள் இல்லை” என்றால் தேசிய உரைபெயர்ப்புச் சேவையின் எண்ணைக் கொடுங்கள்: 131 450. எல்லா நாளும், எல்லா நேரமும் இயங்குகிறது.